நாயோ பூனையோ திடீரென்று சாய்ந்துவிட்டால்: மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை நீங்கள் செய்ய வேண்டியவை

எங்கள் வீட்டு ஆண் பூனை ஒரு ராத்திரி மணல் தட்டுக்கும் கட்டிலடிக்குமாக நடந்துகொண்டே இருந்தது. தட்டில் ஏறும், முதுகை வளைத்து முக்கும், இறங்கும், அடிவயிற்றை நக்கும், மறுபடி ஏறும். மலச்சிக்கலாக இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடிந்ததும் மணலைக் கிளறிப் பார்த்தால் ஒரு ஈரக்கட்டிகூட இல்லை. சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் மூன்று நாள் குழாய் மாட்டிக் கிடந்துதான் பிழைத்தான். மருத்துவர் திட்டவில்லை. "ராத்திரியே ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்.

அவசர நேரத்தில் வீட்டில் வைத்து நம்மால் குணப்படுத்த முடிவது மிகக் கொஞ்சம். மேலும் கெடுக்காமல், சரியான விவரத்தோடு, சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் வேலை. கீழே நான் எழுதுவதில் 'செய்யாதீர்கள்' என்ற சொல் அடிக்கடி வந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

எல்லாம் நன்றாக இருக்கும் நாளில்

நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவர் இரவில் பார்ப்பாரா என்று இன்றே கேளுங்கள். பார்க்க மாட்டார் என்றால், இரவிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, எவ்வளவு தூரம், எந்த வழி என்று தெரிந்துகொண்டு, எண்ணை வீட்டில் உள்ள எல்லோருடைய போனிலும் ஏற்றிவையுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் படம் எடுத்து வையுங்கள். எடை தெரிந்திருக்கட்டும். மருந்தின் அளவு, விஷத்தின் கடுமை எல்லாமே எடையை வைத்துத்தான் கணக்கிடப்படும்.

ஒரு பெட்டியில் சுருள் துணி, காயத்தில் ஒட்டாத பஞ்சுத் திண்டு, சலைன் பாட்டில், டிஜிட்டல் தெர்மாமீட்டர், வாசலின், கத்தரிக்கோல், டார்ச், தடிமனான இரண்டு துண்டு போதும். மாத்திரை ஒன்றும் வேண்டாம்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு பழக்கம் உண்டு. பிராணி நலமாக இருக்கும்போதே மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கப் பழகுங்கள். ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். கட்டைவிரலால் லேசாக அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். சில நாய்களுக்கு ஈறு இயல்பாகவே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பார்க்கலாம். நாயும் பூனையும் வலியை மறைக்கும். வாலை ஆட்டிக்கொண்டே உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நாய்கள் உண்டு. ஈறு அப்படி ஏமாற்றுவது குறைவு. வெளிறினால் ரத்த இழப்போ அதிர்ச்சி நிலையோ (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை); நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை; செங்கல் சிவப்பானால் வெப்பத் தாக்கமோ கடும் தொற்றோ; மஞ்சளானால் கல்லீரலிலோ ரத்தத்திலோ கோளாறு. பூனையின் ஈறு பழுப்பானால் பாராசிட்டமால் உள்ளே போயிருக்கலாம்.

இரண்டு கணக்குகளையும் மனதில் வையுங்கள். உடல் வெப்பம் நாய்க்கும் பூனைக்கும் ஏறக்குறைய 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நமக்கு அது காய்ச்சல், அவற்றுக்கு அது சாதாரணம். ஓய்வில் மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு உள்ளே இருக்க வேண்டும்.

விடியும்வரை காத்திருக்கக் கூடாதவை

மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், மயக்கம், 5 நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு, விஷம், வாகனம் மோதியது, உயரத்திலிருந்து விழுந்தது: இவற்றில் யாருக்கும் சந்தேகம் வராது. தப்பு நடப்பது, பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியும் விஷயங்களில்தான்.

முதலாவது எங்கள் கதை. ஆண் பூனை முக்குகிறது, சிறுநீர் வரவில்லை. அதன் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. அடைப்பு நீடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும்.

இரண்டாவது, பெரிய உடலும் ஆழமான மார்பும் உள்ள நாய் வாந்தி எடுக்க ஓங்கரிக்கிறது, நுரையைத் தவிர ஒன்றும் வரவில்லை, வயிறு உப்புகிறது, ஓரிடத்தில் நிற்கவோ படுக்கவோ முடியாமல் தவிக்கிறது. இரைப்பை காற்றால் நிறைந்து முறுக்கிக்கொண்டிருக்கலாம். அறுவை சிகிச்சை இல்லாமல் இது சரியாகாது, நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. வாயுத் தொந்தரவு என்று வயிற்றைத் தடவிக்கொண்டு உட்காராதீர்கள்.

மூன்றாவது, பூனை வாயைத் திறந்து மூச்சு விடுவது. நாய் இளைப்பது போலப் பூனை இளைக்காது. அமைதியாக இருக்கும் பூனை வாயால் மூச்சு வாங்கினால் கிளம்ப வேண்டியதுதான். பூனை திடீரென்று அலறி, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தால், பாதம் சில்லிட்டிருந்தால், ரத்தக்கட்டி ஒன்று கால்களுக்குப் போகும் தமனியை அடைத்திருக்கலாம். 'எங்கேயோ குதித்துச் சுளுக்கிக்கொண்டது' என்று இதை நினைப்பவர்கள் அதிகம்.

பிரசவத்தில், 20-30 நிமிடம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை என்றாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத் திரவம் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். முயல் 12 மணி நேரம் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அதற்கு அவசரம்தான். பறவை சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வாலை ஆட்டினாலும் அப்படியே. மார்பையும் வயிற்றையும் பிரித்து, மூச்சு இழுக்க உதவும் உதரவிதானம் என்ற தசை பறவைக்குக் கிடையாது. நெஞ்சு அசையாவிட்டால் மூச்சும் இல்லை. அதனால் இறுக்கிப் பிடிக்காமல், இருட்டான, வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள்.

முதல் ஒரு நிமிடம்

ஓடிப்போய்த் தூக்குவதற்கு முன்னால் சுற்றிலும் பாருங்கள். வண்டி வருகிறதா? மின்கம்பி கிடக்கிறதா? ஒயரைக் கடித்து விழுந்த நாயைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். நீங்களும் விழுந்துவிட்டால் இரண்டு பேரையும் தூக்க ஆள் தேட வேண்டிவரும்.

அடுத்தது உங்கள் கை. வலியில் இருக்கும் பிராணி, பெற்ற பிள்ளையாக வளர்த்தவரையும் கடிக்கும். நாய்க்குச் சுருள் துணியால் ஒரு சுருக்குப் போட்டு மூக்கின் மேல் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு முறை குறுக்கே விட்டு, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், மூக்குச் சப்பையான இனத்துக்கும் வாயைக் கட்டவே கூடாது. பூனையைத் துண்டால் முழுக்கச் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய எடுங்கள்.

பிறகு கூப்பிட்டுப் பாருங்கள், தட்டிப் பாருங்கள். அசைவும் இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவும் இல்லை என்றால் நாடியைத் தேடி நேரத்தைக் கரைக்காமல், இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். நாய், பூனைகளுக்கென்றே 'ரெக்கவர்' என்ற மருத்துவர் குழு 2012-இல் வெளியிட்டு 2024-இல் புதுப்பித்த நெறிமுறை சொல்வது இது. பிராணியைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நடுத்தர, பெரிய நாய் என்றால் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை அமுங்கும்படி அழுத்துங்கள். பூனை, குட்டி நாய் என்றால் ஒரே கையால் மார்பைச் சுற்றிப் பிடித்து, முன்னங்கால் முட்டி நெஞ்சைத் தொடும் இடத்தில், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே அழுத்தலாம். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப விடுங்கள். 30 அழுத்தம் ஆனதும் வாயை மூடிப் பிடித்து, மூக்கு வழியாக நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு இரண்டு முறை ஊதுங்கள். 2 நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். சோர்ந்த கை சரியாக அழுத்தாது.

பொய் நம்பிக்கை கொடுக்க விரும்பவில்லை. இதயம் நின்ற பிராணிகளில் மீண்டு வருபவை குறைவுதான். தண்ணீரில் மூழ்கியது, தொண்டை அடைத்தது, மின்சாரம் தாக்கியது போன்றவற்றில் முயற்சிக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு.

போனில் சொல்வது

கிளம்பும்போதே ஒருவர் பேசட்டும். "நாய், 12 கிலோ, 4 வயது, பத்து நிமிடத்துக்கு முன் வண்டி மோதியது, மூச்சு வேகமாக இருக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, 20 நிமிடத்தில் வந்துவிடுவோம்." இவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்து அங்கே ஆக்சிஜனும் ஊசியும் தயாராகிவிடும். அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வசதி இல்லையென்றால் வேறு எங்கே போவது என்றும் அப்போதே தெரியும். நீங்கள் என்ன செய்யலாம் என்று அவர்களே சொல்வார்கள். இந்தக் கட்டுரையைவிட அந்தக் குரலைக் கேளுங்கள்.

முதுகெலும்பில் அடி என்ற சந்தேகம் இருந்தால் கை, காலைப் பிடித்துத் தூக்காமல், பலகையிலோ தடித்த அட்டையிலோ மெல்ல நகர்த்தி ஏற்றுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் போர்வையை இரண்டு பேர் இறுக்கிப் பிடித்தாலே தூளி மாதிரி ஆகிவிடும். எலும்பு முறிந்திருந்தால் குச்சி வைத்துக் கட்ட முயலாதீர்கள். தப்பாகக் கட்டிய கட்டு, கட்டாத முறிவைவிட மோசம். போகும் வழியில் தண்ணீர், உணவு எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து தேவைப்படலாம்.

ரத்தமும் அடியும்

சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது. அப்படி எடுக்கும்போது உறைந்து வந்ததும் பிய்ந்து போகும். முழுதாக 5 நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. குத்தி நிற்கும் கம்பியையோ குச்சியையோ பிடுங்காதீர்கள். உள்ளே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பதே அதுவாக இருக்கலாம். நகம் ஒடிந்து ரத்தம் வந்தால் சோளமாவை வைத்து அழுத்தினால் நிற்கும், பயப்பட வேண்டாம். கண் விழி வெளியே பிதுங்கிவிட்டால் சலைனில் நனைத்த துணியால் மூடி, காய விடாமல் கொண்டுபோங்கள். உள்ளே தள்ள முயலாதீர்கள்.

வண்டி மோதிய நாய் எழுந்து நடக்கிறது, சாப்பிடவும் செய்கிறது என்றாலும் காட்டியே ஆக வேண்டும். சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம், உதரவிதானம் கிழிந்து குடல் மார்புக்குள் போயிருக்கலாம், நுரையீரல் கன்றியிருக்கலாம். இவை வெளியே தெரியச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகும். மின்சாரம் தாக்கியதும் நீரில் மூழ்கியதும் இப்படித்தான்: மீண்டுவிட்டது என்று நினைத்த பிறகு நுரையீரலில் நீர் கோக்கும்.

தீக்காயத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். களிம்பு, ஐஸ் இரண்டும் வேண்டாம். பாம்பு கடித்தால் நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் உதவாது. பாம்பைத் தேடி அடிக்கப் போவதும் வீண்.

விஷம்

இங்கேதான் வீட்டு வைத்தியம் அதிகம் உயிரை வாங்குகிறது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது பழைய பழக்கம். அந்த உப்பே மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ரத்தத்தில் சோடியத்தை ஏற்றிவிடும். அமிலம், பிளீச்சிங் போன்ற சுத்தம் செய்யும் திரவம், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையாவது விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்கவே வைக்கக் கூடாது. போன வழியில் ஒரு முறை சுட்டது, திரும்பும் வழியில் இன்னொரு முறை சுடும். மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். பெரும்பாலான விஷங்களுக்கு அது உள்ளே போன முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நடந்தால்தான் பலன். ஆகவே 'ஏதாவது ஆகிறதா பார்ப்போம்' என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம்.

எது விஷம் என்பதில் பலருக்குத் தெளிவில்லை. சாக்லேட்டில் கருமை கூடக் கூட ஆபத்தும் கூடும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைச் சாய்த்துவிடும். சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். லில்லிப் பூ வைத்த ஜாடி பூனை உள்ள வீட்டில் இருக்கவே கூடாது: இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவும் போதும், மூன்று நாளுக்குள் சிறுநீரகம் நின்றுவிடும்.

நமது மருந்துகள் தனிக் கதை. பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை எமன். ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் தடவி, அது துடிதுடிக்கத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எலி மருந்தில் ஒரு வகை இன்னும் ஏமாற்றும்: தின்ற அன்று ஒன்றும் இருக்காது, இரண்டு முதல் ஐந்து நாள் கழித்து உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். தின்ற அன்றே போனால் வைட்டமின் கே மருந்தோடு எளிதாகத் தீர்ந்துவிடும் விஷயம் அது.

டப்பா, மாத்திரை அட்டை, செடியின் ஒரு கிளை, வாந்தி என எது கிடைத்தாலும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டையில் எத்தனை மாத்திரை இருந்தது, இப்போது எத்தனை குறைகிறது என்று எண்ணிச் சொன்னால் அரை வேலை முடிந்த மாதிரி. முக்கியமாக, உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் யாருடைய போதைப் பொருளைத் தின்றிருந்தாலும் சரி, மருத்துவருக்கு அது சிகிச்சைக்கான தகவல் மட்டும்தான்.

வெயில், வலிப்பு, தொண்டை அடைப்பு

வெப்பத் தாக்கத்தில் மட்டும் வரிசை மாறும்: முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் பயணம். மூடிய காரில் இருந்தது, நடுப்பகலில் ஓடியது, நாக்கு கருஞ்சிவப்பாகத் தொங்குகிறது, எச்சில் கயிறாக ஒழுகுகிறது, தள்ளாடுகிறது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள், மூக்கிலும் வாயிலும் போகாமல். மேலே மின்விசிறிக் காற்று அடிக்கட்டும். ஈரத் துண்டால் போர்த்துவது நல்லது என்று தோன்றும். அந்தத் துண்டு சூடேறி, வெப்பத்தை உள்ளேயே பூட்டிவிடும். வெப்பம் 39.4 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். தெளிந்து எழுந்தாலும் கூட்டிப்போங்கள், குடலும் சிறுநீரகமும் அடுத்த நாள்தான் தகராறு செய்யும்.

வலிப்பில் கையை வாய்க்குள் விடாதீர்கள். நாக்கை விழுங்கிவிடும் என்பது கட்டுக்கதை. உங்கள் விரல் போவதுதான் நிஜம். சுற்றியுள்ள சாமான்களை நகர்த்தி, விளக்கையும் டிவியையும் அணைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். நமக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும் என்பதால் கடிகாரம் அவசியம். ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், மருத்துவருக்கு அதுதான் சாட்சி. 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ கிளம்புங்கள்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருந்து, இருமிக்கொண்டே காற்றை இழுக்க முடிகிறதென்றால் தொடாமல் கூட்டிப்போங்கள். காற்றே போகவில்லை என்றால் வாயைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். விரலைத் துழாவ விட்டால் இன்னும் உள்ளே போகும். தெரியவில்லையா? சின்ன நாய், பூனை என்றால் தலை கீழாக இருக்கும்படி பிடித்து முதுகில் தட்டுங்கள். பெரிய நாயைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குக் கீழே முஷ்டியால் மேல்நோக்கி நான்கைந்து முறை அழுத்துங்கள். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலைச் சுருக்கிக்கொண்டு நிற்கலாம்.

மருத்துவமனைக்குள்

உள்ளே நுழைந்ததும் பிராணியை வாங்கிக்கொண்டு கதவை மூடிவிடுவார்கள். கோபம் வரும். வந்த வரிசையில் இல்லாமல் ஆபத்தின் வரிசையில்தான் அங்கே பார்ப்பார்கள். உங்களை உட்கார வைத்துவிட்டு வேறு ஒன்றைப் பார்த்தால், உங்களுடையது கொஞ்சம் தாங்கும் என்று பொருள், ஒரு வகையில் நல்ல செய்தி. முதலில் ஆக்சிஜன், நரம்பில் ஊசி, வலிக்கு மருந்து. எக்ஸ்ரே எல்லாம் நிலை சீரான பிறகுதான். பூனைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் முதல் தடவையே வகை பொருத்திப் பார்த்தாக வேண்டும், அதற்கும் நேரம் பிடிக்கும்.

அப்போது உங்களிடம் ஒரு கடினமான கேள்வி வரலாம்: இதயம் நின்றால் மீட்க முயற்சி செய்யலாமா? அதிர்ச்சியாக இருக்கும், ஆனால் முன்பே கேட்டுவைப்பதுதான் முறை. செலவைப் பற்றிப் பேசவும் தயங்காதீர்கள். "இவ்வளவுதான் என்னால் முடியும், அதற்குள் எது முக்கியம்?" என்று நேராகக் கேட்டால் நல்ல மருத்துவர் அதற்கேற்ற வழியைச் சொல்வார். இன்று ராத்திரியே செய்தாக வேண்டியது எது, நாளைக்குத் தள்ளலாம் என்பது எது என்று பிரித்துக் கேளுங்கள்.

பதற்றத்தில் பிராணி உங்களைக் கடித்திருந்தால் அதை மறைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு, உங்களுக்கான மருத்துவரிடம் அன்றே போங்கள். பூனையின் கூர்ப்பல் போட்ட சின்னப் புள்ளி அடுத்த நாள் கையையே வீங்க வைக்கும்.

வீட்டுக்கு வந்த பின்

எழுதிக் கொடுத்த மருந்துகளின் நேரத்தைப் போனில் அலாரமாக வைத்துவிடுங்கள். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள், தையலைப் பிரிக்கப் பிராணிக்கு ஐந்து நிமிடம் போதும். சிறுநீர் போகிறதா, எத்தனை தடவை என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் பூனை திரும்பிய முதல் ராத்திரி நான் மணல் தட்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன்.

தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே போனாலோ, ஈறு மறுபடி வெளுத்தாலோ, மணி என்னவாக இருந்தாலும் போனை எடுங்கள்.